பனிநிலத்து இல்பொருள்

உலகில் உள்ள பொருள்களை இணைத்து, உலகில் இல்லாத ஒன்றைப் படைத்து உவமையாக்குவதை இல்பொருள் உவமை என்பர் அணிநூலார். உறுப்புகள் யாவும் உண்மை. அவை கூடிய முழுமை மட்டுமே கற்பனை. வடகோடியில் வாழ்ந்ததாகக் காட்டப்படும் வெண்தூவி வேட்டை டைனோசர் அத்தகையதோர் இல்பொருள். 2022இல் வெளிவந்த ‘பிரிஹிஸ்டாரிக் பிளானெட்’ என்னும் தொலைக்காட்சித் தொடரில் அது தூவி போர்த்துப் பனியினூடே இரை தேடி வருகிறது. கண்டவர் எளிதில் மறவார்.

ஆனால் அவையோரே, மண் தந்த சான்று எவ்வளவு? அலாஸ்காவின் வடபகுதியில், கால்வில் ஆற்றை ஒட்டிய பாறைகளில் கிடைத்த மேல்தாடை, கீழ்த்தாடை, மண்டைக்கூரை ஆகியவற்றின் துண்டுகள், அவ்வளவே. 2014இல் ஃபியோரில்லோ, டைகோஸ்கி என்னும் ஆய்வாளர் இருவர் அவ்வுயிருக்கு நானுக்சாரஸ் என்று பெயரிட்டனர். ‘நானுக்’ என்பது அந்நிலத்து இன்யூபியாக் மக்கள் பனிக்கரடிக்கு வழங்கும் சொல். பெயர் சூட்டும்போதே உருவகம் புகுந்துவிட்டது. திரையில் காணும் வெண்மையும் கரடியிடம் பெற்ற கடனோ என ஐயுறத் தோன்றுகிறது.

நிலத்தையும் பொழுதையும் முதற்பொருளாக வைத்துவிட்டே விலங்கைக் கருப்பொருளாகப் பேசியது தமிழ் மரபு. அவ்வழி நோக்கின், ஏறத்தாழ 7 கோடி ஆண்டுகளுக்கு முன் அந்நிலம் இன்றைய உறைபனிவெளி அன்று. ஆண்டுச் சராசரி வெப்பம் சுமார் 6 பாகை செல்சியஸ். குளிர்காலத்தில் பனி பெய்தது. நான்கு திங்கள் அளவும் இருள் நீடித்தது. கோடையிலோ பெரணிகள் தழைத்தன, ஊசியிலை மரங்கள் பசுமை பூண்டன. அப்பசுமையினிடையே வெண்ணிறக் கொன்றுண்ணி எங்கே ஒளியும்? படைத்தவர் பெரும்பொழுதில் ஒன்றைக் கொண்டு ஏனையவற்றை மறந்தனர்.

உணவு அரிதான நிலம் அதன் உடலைச் சுருக்கியது, டைரனோசாரஸ் ரெக்சில் பாதியளவே அது இருந்தது என்பது தொடக்கத்தில் சொல்லப்பட்ட விளக்கம். அழகிய விளக்கந்தான், பின்வந்தோர் அதனை ஐயுற்றனர். தூவியின் நிலையும் அதுவே. 2012இல் அறிவிக்கப்பட்ட சீனத்து யூடிரானஸ் என்னும் உறவினம் தூவி உடையது. இன்னும் நெருங்கிய உறவினமாகிய டைரனோசாரசின் தோற்பதிவுகளில் காண்பதோ செதில்.

கவிஞர்க்கு உரிய பொருள் வேறோரிடத்தில் இருக்கிறது. அதே ஆற்றங்கரை மண்ணைக் கழுவிச் சலித்து, உருப்பெருக்கியின்கீழ் மணிமணியாகத் தேடியவர்கள், சில மில்லிமீட்டர் அளவேயான பற்களையும் எலும்புகளையும் கண்டனர். அவை டைனோசர்க் குஞ்சுகளுடையவை என 2021இல் அறிவித்தனர். இவ்வேட்டையினத்தின் குஞ்சுகளும் அவற்றுள் உண்டு. முட்டை பொரியப் பல திங்கள் ஆகும். பொரிந்த குஞ்சு குளிர் வருமுன் நெடுந்தொலைவு தெற்கே நடந்திருத்தல் இயலாது. ஆகவே அவை போகவில்லை என்பர் ஆய்வாளர். பிறந்த கோடையிலேயே ஒளி குறைவதைக் கண்டு, அந்நெடிய இருளுக்குள் தாயொடும் தாயின்றியும் நின்றிருக்கின்றன.