கல் நட்டதெல்லாம் மனையாகாது!
(தாம்பரத்தில் தொழிலாளர்களிடையே ஆற்றிய உரை)



வீட்டுக் கடனுக்காகப் பாங்கியின் படியேறிச் செருப்புத் தேய்ந்தவர்கள் நம்மில் பலர். “சம்பளச் சீட்டு எங்கே? அனுமதி எங்கே?” என்கிறார்கள். ஒப்பந்தத் தொழிலாளி எங்கே போவான்?

தாம்பரத்தைச் சுற்றி வயல்களில் கல் நட்டு, அங்கீகாரமின்றி மனை விற்றார்கள். 2016-ல் சென்னை உயர்நீதிமன்றம் அவற்றின் பத்திரப் பதிவைத் தடுத்தது. 2017-ல் வரன்முறைத் திட்டம் வந்தது. வரன்முறை ஆகாத மனைக்குப் பாங்கி லேசில் கடன் தராது. ஆகவே முன்பணம் கொடுக்குமுன் தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, மனைப்பிரிவு அனுமதி மூன்றையும் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

30 லட்சம் வரையுள்ள கடனுக்கு, வீட்டு மதிப்பில் 90 சதவிகிதத்துக்கு மேல் தரக்கூடாதென்பது ரிசர்வ் பாங்கி விதி. மீதியை நாம்தான் சேர்க்க வேண்டும். பழைய கடனில் தவணை தவறினால் சிபில் மதிப்பெண் விழும். அந்த அறிக்கை ஆண்டுக்கொரு முறை இலவசம். பிழையிருந்தால் திருத்தச் சொல்லுங்கள்.

மனுவைத் தள்ளினால் தலைகுனிந்து திரும்பாதீர்கள். காரணத்தை எழுத்தில் கேளுங்கள். அது நமது உரிமை. கந்துவட்டிக்காரன் வாசலுக்குப் போகாதீர்கள். பாங்கிக் கணக்கில் கூலி, கையில் சம்பளச் சீட்டு—இவ்விரண்டையும் சங்கமாகத் திரண்டு கேளுங்கள். தனியாள் கேட்டால் கெஞ்சல். சேர்ந்து கேட்டால் கோரிக்கை!