பாறையோடு வந்த புழுக்கள்

வீட்டில் கண்ணாடித் தொட்டி வைத்து மீன் வளர்ப்பவர்களில் பெரும்பாலோர் நன்னீர் மீன்களோடு நின்றுவிடுவார்கள். சிலர் மட்டும் உப்புநீர்த் தொட்டி அமைத்து, கோமாளி மீனும் கடற்சாமந்தியும் பவளமுமாக ஒரு சின்னக் கடலையே வீட்டுக்குள் வளர்க்கிறார்கள். அந்தத் தொட்டியில் விளக்கை அணைத்துச் சற்று நேரம் கழித்து டார்ச் அடித்துப் பார்த்தால், பாறைப் பொந்துகளிலிருந்து இளஞ்சிவப்பு நிறத்தில், உடம்பின் இருபுறமும் வெள்ளைச் சுணை வரிசையோடு புழுக்கள் நீண்டு வருவது தெரியும். இவற்றை யாரும் காசு கொடுத்து வாங்கவில்லை. பார்த்தவுடன் மனத்தில் எழும் கேள்வி, இதைக் கொல்ல என்ன மருந்து ஊற்றலாம் என்பதுதான். அந்த மருந்துப் புட்டியைத் திறப்பதற்கு முன்னால் இரண்டு விஷயங்களைத் தெரிந்துகொள்ள வேண்டும்: வந்திருக்கும் புழு எது, அது எதைத் தின்று பெருகுகிறது. இந்த இரண்டுக்கும் விடை கிடைத்தால் பெரும்பாலான தொட்டிகளில் மருந்துக்கு வேலையே இருக்காது.

இவை எப்படி உள்ளே வருகின்றன? உப்புநீர்த் தொட்டிக்காரர்கள் ‘லைவ் ராக்’ என்று சொல்வது, செத்துப்போன பவளத்தின் சுண்ணாம்புக் கூட்டில் உயிர்கள் குடியேறிய பாறைத் துண்டு. ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங் என்பவர் இத்தகைய பாறைகளையும் காற்றுக் குமிழிகளையும் மட்டுமே நம்பி நடத்திய தொட்டியைப் பற்றி 1961-இல் ஓர் அமெரிக்க இதழில் எழுதினார். பிற்பாடு உலகெங்கும் பவளத் தொட்டி வைப்பவர்களுக்கு அந்த வழியே அடிப்படையாயிற்று. காரணம், பாறைக்குள் வாழும் நுண்ணுயிர்கள். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை அவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன; ஆக்சிஜன் எட்டாத உட்பகுதியில் உள்ளவை அந்த நைட்ரேட்டையும் நைட்ரஜன் வாயுவாக்கி வெளியேற்றுகின்றன. அந்த நுண்ணுயிர்களை வரவேற்கும் நாம், அதே பொந்துகளில் அவற்றோடு வாழும் சிறு நண்டையும் நத்தையையும் புழுவையும் மட்டும் வரவேண்டாம் என்று சொல்ல முடியாது. புதிதாக வாங்கும் பவளம் ஒட்டியிருக்கும் கல்லிலும் இதே கதைதான்.

தொட்டிகளில் அதிகம் காணப்படும் சுணைப்புழுக்கள் நம் மண்புழுவைப் போலவே வளைதசைப் புழுக்கள் என்ற பெருங்கூட்டத்தைச் சேர்ந்தவை. அவற்றில் முக்கியமான ஒன்று யூரித்தோ காம்பிளனேட்டா. மீன் தின்னாமல் விட்ட தீனி, செத்த நத்தை, மணலில் படியும் கசடு ஆகியவையே அதன் சாப்பாடு. நம் கை எட்டாத இடுக்கில் கிடந்து அழுகப் போகும் பண்டத்தை அது முதலில் போய்த் தின்றுவிடுகிறது. மணலைக் கிளறி நீர் உள்ளே போகவும் வழி செய்கிறது. இந்த இனத்தின் எண்ணிக்கை கிடைக்கும் உணவுக்கு ஏற்பத்தான் ஏறும், இறங்கும். ஆகவே நான்கைந்து புழுக்கள் தெரிந்தால் அது நலமான தொட்டி. இரவுதோறும் கொத்துக் கொத்தாக வெளியே வருகின்றன என்றால், தினமும் மீனுக்குப் போடும் தீனியில் ஒரு பங்கு மீனின் வாய்க்குப் போகவில்லை என்று பொருள். அங்கே மருந்தால் புழுவைக் கொன்றாலும் தீனி மிச்சப்படுவது நிற்காது. அந்த மிச்சம் அழுகி நீரைக் கெடுக்கும், பாசியை வளர்க்கும், தப்பிப் பிழைத்த சில புழுக்கள் மறுபடி பெருகும். தீனியைக் குறைத்து, மணலில் படிந்த கசடைக் குழாய் வைத்து உறிஞ்சி எடுத்து வந்தால் சில வாரங்களில் எண்ணிக்கை தானாகவே இறங்கும்.

இந்தப் புழு தீங்கற்றது என்பதற்கு வரும் முதல் மறுப்பு பலமானது. “காலையில் பார்த்தேன், சிப்பியின் மேல் பத்துப் புழு மொய்த்துக்கொண்டிருந்தது, சிப்பி செத்துக் கிடந்தது, கண்ணால் பார்த்ததை எப்படி மறுப்பது?” பார்த்தது உண்மைதான். ஆனால் சாகும் நிலையில் இருக்கும் உயிரிலிருந்து நீரில் கசியும் வாடையை இந்தப் புழுக்கள் நம்மைவிட வெகு முன்னதாக அறிந்துவிடும். உப்பளவு கூடியோ, வெப்பம் ஏறியோ, நோய் கண்டோ சிப்பி தளர்ந்த பிறகுதான் இவை வந்து கூடியிருக்கும். சந்தேகம் இருந்தால் நல்ல நிலையில் உள்ள சிப்பிகளைச் சில இரவுகள் கவனித்தாலே போதும். சாதாரணச் சுணைப்புழு அவற்றைத் தொடாமல் கடந்து போவது தெரியும்.

இரண்டாவது மறுப்பு, அது கொட்டும் என்பது. இதை முழுவதும் ஒப்புக்கொள்கிறேன். சுணைகள் தோலில் ஏறி உள்ளேயே ஒடிந்து நின்றுவிடும்; எரிச்சலும் வீக்கமும் நாள் கணக்கில் இருக்கும். இந்தப் புழுவிலிருந்து காம்பிளனைன் என்ற அழற்சி உண்டாக்கும் பொருளையே ஆய்வாளர்கள் பிரித்தெடுத்திருக்கிறார்கள். எனவே தொட்டிக்குள் வெறுங்கையை விடக் கூடாது. கெட்டியான ரப்பர் கையுறை வேண்டும். குத்திவிட்டால் தேய்க்காமல், ஒட்டும் டேப்பை மேலே அழுத்தி உரித்துச் சுணைகளை எடுத்துவிட்டு, வினிகரால் நனைப்பது வழக்கம். வீக்கம் பரவினால் மருத்துவரிடம் போக வேண்டும். கையுறையால் தீரும் ஆபத்துக்காகத் தொட்டி முழுவதையும் விஷமாக்க வேண்டியதில்லை.

எல்லாப் புழுவும் அப்பாவி என்று நான் சொல்லவில்லை. யூனிசே கூட்டத்தில் தாடை வலுத்த பெரிய புழுக்கள் உண்டு. இங்கிலாந்தில் கார்ன்வால் பகுதியிலுள்ள நியூகீ நகரக் காட்சியகத்தில் பவளங்கள் தொடர்ந்து கடிபட்டு வந்தன, காரணம் பிடிபடவில்லை. வைத்த பொறிகளும் பயன் தரவில்லை. கடைசியில் 2009-இல் பாறைகளை ஒவ்வொன்றாகப் பெயர்த்தபோது, சுமார் 4 அடி நீளப் புழு ஒன்று வெளிப்பட்டது. ஊழியர்கள் அதைக் கொல்லவில்லை, பாரி என்று பெயரிட்டுத் தனித் தொட்டியில் வைத்தார்கள். ஓய்னோனே ஃபுல்கிடா என்ற ஆரஞ்சு நிறப் புழு சிப்பியையும் நத்தையையும் உண்மையாகவே வேட்டையாடித் தின்னும். அட்லாண்டிக் பக்கத்துத் தீப்புழுவான ஹெர்மோடிசே உயிருள்ள பவளத்தையே மேயும். அக்ரோபோரா பவளத்தின் நிறத்திலேயே அதன்மேல் ஒட்டிக் கிடந்து திசுவை உறிஞ்சும் தட்டைப்புழு ஒன்றுக்கு 2011-இல்தான் அறிவியல் பெயர் சூட்டினார்கள். இவை தெரிந்தால் தாமதமே கூடாது. அப்போதும் சரியான வழி, அந்தப் பாறையையோ பவளத்தையோ வெளியே எடுத்துத் தனி வாளியில் வைத்து அங்கே மருந்துக் குளியல் தருவது. தட்டைப்புழுவின் முட்டையை மருந்து தொடாது என்பதால் முட்டைகளைச் சுரண்டி எடுக்க வேண்டும். இடைவெளி விட்டுக் குளியலையும் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். எந்தப் புழுவானாலும் வெட்டிப் போடுவது மட்டும் வேண்டாம். யூரித்தோவின் துண்டுகள் தனித்தனிப் புழுக்களாக வளர்ந்துவிடும்.

தொட்டிக்குள்ளேயே மருந்து ஊற்றுவதை நான் ஏன் இவ்வளவு எதிர்க்கிறேன்? ஆடு மாடுகளுக்குக் குடற்புழு நீக்கத் தரும் லெவாமிசோல் போன்றவற்றைப் பயன்படுத்துவோர் உண்டு. அந்த மருந்துக்கு நல்ல புழு, கெட்ட புழு என்ற பேதம் தெரியாது. அழகுக்காக வளர்க்கும் இறகுப்புழுவையும் அது விடாது. செம்பு கலந்த மருந்துகளோ முதுகெலும்பில்லாத எல்லா உயிர்களுக்கும் நஞ்சு; பாறையிலும் மணலிலும் படிந்து நெடுநாள் தங்கும். இதைவிட மோசம், நூற்றுக்கணக்கான புழுக்கள் நம் கைக்கு எட்டாத பாறைக்குள் ஒரே நேரத்தில் செத்து அழுகுவது. அம்மோனியா ஏறும், ஆக்சிஜன் இறங்கும், மறுநாள் மீன்கள் மேலே மிதக்கும். துரு நிறத்தில் கண்ணாடியெல்லாம் படரும் செந்தட்டைப்புழுவிடம் இன்னும் எச்சரிக்கை வேண்டும். தன் உடம்புக்குள் பாசியை வைத்துக்கொண்டு வெளிச்சத்திலேயே பிழைக்கும் இது, மொட்டு விட்டுப் பெருகுகிறது. மொத்தமாகச் சாகும்போது உடலிலிருந்து நச்சை வெளியிடுகிறது. மருந்து தவிர வேறு வழியில்லை என்ற நிலை வந்தால், முதலில் சிறு குழாயால் உறிஞ்சிப் பெரும்பகுதியை வெளியேற்றிவிட்டு, மருந்துக்குப் பின் ஆக்டிவேட்டட் கார்பன் வைத்து, நீரையும் மாற்ற வேண்டும்.

புழு தின்னும் மீனை விட்டால் என்ன என்று கேட்பவர்களும் உண்டு. ஆறுகோட்டு ராஸ் மீன் சிறு புழுக்களைத் தின்னும். ஆனால் சின்னத் தொட்டியில் மற்ற மீன்களைத் துரத்தித் துன்புறுத்தும். நீலக்கோடு போட்ட வெல்வெட் கடல்நத்தை தட்டைப்புழுவைத் தவிர வேறெதையும் தின்னாது. புழு தீர்ந்ததும் பட்டினியால் சாகும். அரை வேலை செய்யும் இந்த உயிர்களைவிட, ஓட்டையிட்ட குழாயில் இறால் துண்டு வைத்து விளக்கணைத்த பின் இறக்கி, விடியும் முன் எடுக்கும் பொறியே மேல்.

வராமலே தடுக்க விரும்பினால் காய்ந்த பாறையோ சிமென்ட், பீங்கான் பாறையோ கொண்டு தொடங்கலாம். நுண்ணுயிர் குடியேற மாதங்கள் ஆகும் என்பது உண்மை. அந்தப் பொறுமை நமக்குக் கட்டாயமும்கூட. மன்னார் வளைகுடாவிலிருந்தோ வேறெந்த இந்தியக் கடலிலிருந்தோ பவளப் பாறையை எடுத்து வருவது குற்றம். கடினப் பவளங்கள் 2001 முதல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. புதிதாக வாங்கும் எதையும் சில வாரங்கள் தனித் தொட்டியில் வைத்து, இரவில் டார்ச் அடித்துப் பார்த்த பிறகே பெரிய தொட்டிக்கு மாற்றுங்கள்.

பாதுகாப்புக்காக இன்னும் இரண்டு வார்த்தை. புழுவைக் கொல்வதற்காகப் பாறையை ஒருபோதும் கொதிக்க வைக்காதீர்கள், வீட்டுக்குள் தேய்த்துக் கழுவவும் வேண்டாம். சில பவள உயிர்களில் உள்ள பேலிடாக்சின் என்ற கடும் நஞ்சு ஆவியோடு கலந்து மூச்சில் போகும். 2018-இல் இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டுஷயரில் தொட்டியைச் சுத்தம் செய்தபோது ஒரு குடும்பமே மருத்துவமனைக்குப் போக நேர்ந்தது. பிடித்த புழுவையும் உறிஞ்சிய நீரையும் சாக்கடையிலோ கடலிலோ விடாதீர்கள். 1984-இல் மொனாக்கோ கரையோரம் காட்சியகத் தொட்டியிலிருந்து தப்பிய காலெர்ப்பா பாசி மத்தியதரைக் கடலில் பல்லாயிரம் ஏக்கர் பரவிவிட்டது. புழுவை உறையில் கட்டி ஃபிரீசரில் ஒரு நாள் வைத்துக் குப்பையில் சேருங்கள். நீரில் பிளீச்சிங் பவுடர் கலந்து, ஒரு நாள் வெளியே திறந்து வைத்த பிறகு கொட்டுங்கள்.