கட்டடமும் மனமும்
(மன்றத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



நமது புதிய மண்டபத்துக்கான வரைபடத்தைச் சென்ற கிழமை எல்லோரும் பார்த்தோம். அழகான படந்தான். ஆனால் படத்தைப் பார்க்கிற கண் வேறு. கட்டடத்துக்குள் நடக்கிற மனம் வேறு. படத்திலே முழுக் கட்டடமும் ஒரே நொடியில் தெரிந்துவிடுகிறது. கட்டடத்திலோ வாயில், விறாந்தை, உட்கூடம் என்று ஒன்றன்பின் ஒன்றாகத்தான் மனம் அதை அறிகிறது.

நமது கோயிலையே எடுத்துக்கொள்வோம். வெளிவீதியில் வெயில் கொளுத்துகிறது. கோபுர வாயிலைக் கடந்தால் வெளிச்சம் பாதியாகிறது. மண்டபத்தில் இன்னும் குறைகிறது. மூலஸ்தானத்திலே விளக்குச் சுடர் மாத்திரமே. வெயிலிலிருந்து வந்த கண் இருளுக்கு முற்றாகப் பழக 30 நிமிடமளவு செல்லும். உள்வீதியைச் சுற்றி வருகையில் கண்ணும் மெல்லப் பழகுகிறது. பேச்சும் தானாகவே அடங்குகிறது. (இப்போது சிலவிடங்களில் மூலஸ்தான வாசலிலேயே குழல்விளக்கைப் பூட்டிவிட்டு, அமைதி காக்கவும் என்று பலகையும் தொங்கவிடுகிறார்கள். என்ன செய்வது!)

நான் படித்த மிஷன் பாடசாலைச் சிற்றாலயத்தில் பாடகர் வாங்குகள் எதிரெதிராக இருந்தன. சைவப் பிள்ளையாயினும் குரலுக்காக என்னையும் சேர்த்திருந்தார்கள். எதிர்வரிசைக்காரனின் முகத்தைக் கண்டதும் அவனைவிட உரத்துப் பாடவேண்டுமென்று தோன்றும். பிரித்தானியப் பாராளுமன்றத்தின் சரித்திரத்தைப் படித்தபோது அந்த ஞாபகம் வந்தது. 16ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி தொடக்கம் 1834ஆம் ஆண்டுத் தீ வரை பொதுமக்கள் சபை கூடியதும் ஒரு பழைய சிற்றாலயத்திலேதான். அங்கும் எதிரெதிர் வாங்குகள். பின்னர் எழுந்த சபாமண்டபம் 1941இல் குண்டுவீச்சில் அழிந்தது. மீளக் கட்டும்போது அரைவட்டம் வேண்டாம், நீள்சதுரமே வேண்டும் என்று 1943இல் சர்ச்சில் வாதாடினார். அரைவட்டத்தில் ஒருவர் சிறிது சிறிதாக நகர்ந்தே கட்சி மாறிவிடலாம்; எதிரெதிர் வாங்கிலோ எல்லோரும் பார்க்க நடுத்தளத்தைக் கடக்கவேண்டும். எல்லோருக்கும் ஆசனம் இருக்கக்கூடாது என்றும் சொன்னார். இருந்தால் சாதாரண நாட்களில் சபை வெறிச்சோடிக் கிடக்குமாம். 1950இல் அப்படியே கட்டி முடித்தார்கள். இன்று 650 உறுப்பினருக்கு 427 ஆசனங்களே உண்டு. அது நல்லதோ கெட்டதோ, மனிதர் எப்படிப் பேசவேண்டுமென்று முதலில் தீர்மானித்து, அதன் பின்னரே சுவரை எழுப்பினார்கள்.

நமது வரைபடத்துக்கு வருகிறேன், பெரியோர் மன்னிக்கவேண்டும். ஒரு முனையில் உயர்ந்த மேடை; அதன் முன்னே கதிரை வரிசைகள். முன்வரிசை பெரியோருக்கு, பின்வரிசை இளைஞருக்கு என்று எங்கும் எழுதவில்லை. ஆயினும் எல்லோருக்கும் தெரியும். பின்வரிசையிலிருந்து பார்த்தால் பிடரிகள்தாம் தெரியும். இளைஞர் கூட்டங்களில் வாய் திறப்பதில்லை என்று காரியதரிசி அறிக்கையிலே குறைப்பட்டிருக்கிறார். அதே இளைஞர் கூட்டம் முடிந்தபின் வெளித் திண்ணையில் வட்டமாக இருந்து இரவு 10 மணிவரை பேசுவதை அவரும் கண்டிருப்பார்.

கலைவிழாவுக்கு மேடை வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் மண்டபத்தின் மூன்று பக்கமும் அகலமான திண்ணை ஒன்றைச் சேர்க்கும்படி கட்டடக் குழுவைக் கேட்கிறேன். அத்திவாரம் வெட்டுவதற்குமுன் ஒருநாள் மாலை, அந்தக் காணியிலே சுவர் வரும் இடங்களைக் கயிறு கட்டிக் குறித்து, எல்லோரும் உள்ளே நடந்தும் இருந்தும் பார்ப்போம். கயிறும் தடியும் நான் கொண்டுவருகிறேன்.