மார்பில் நீர் கோப்பது யார் செய்த வினை?



நுரையீரல் வியாதியைப்பற்றிப் பேச சுயமரியாதை மேடைதானா கிடைத்தது என்று சிலர் கேட்கலாம். மூச்சு முட்டிக் கிடப்பவனை "செய்வினை" என்று சொல்லிப் பூசாரியிடம் தூக்கிக்கொண்டு ஓடுகிற வரையில் அந்த வேலை நமக்கு இருக்கத்தான் செய்யும்.

நுரையீரலை ஒரு மெல்லிய சவ்வு மூடியிருக்கிறது. விலாவின் உட்புறத்தில் மற்றொரு சவ்வு. இரண்டும் உராயாமலிருக்க நடுவே சில தேக்கரண்டி நீர் போதும். வியாதி வந்தால் அங்கே படிக்கணக்கில் நீர் தேங்கி நுரையீரலை அமுக்கிவிடுகிறது. மூச்சு வாங்குவது இதனாலேயொழிய, ஏவலாலும் பில்லியாலுமல்ல.

இந்த நீரைக் கண்டறிய வழி சொன்னவர் எந்த ரிஷி? ஆஸ்திரியா தேசத்தில் சத்திரக்காரர் மகனாகப் பிறந்த அவென்புருக்கர் என்ற வைத்தியர்! பீப்பாயைத் தட்டினால் காலியான இடம் ஒரு சத்தமும், ஒயின் நிற்கிற இடம் வேறு சத்தமும் கொடுக்குமல்லவா? அப்படியே நோயாளியின் மார்பைத் தட்டிக் கேட்டார். அதோடு விட்டாரா? பிணத்தின் மார்பில் நீரைச் செலுத்தித் தட்டிப் பார்த்து உறுதி செய்துகொண்டார். 1761ல் புத்தகம் வெளியிட்டார். தம் வாக்கைத் தாமே சோதித்துப் பார்த்த மகான் ஒருவரைப் புராணக்காரர்கள் காட்டட்டும் பார்ப்போம்.

நிற்க. நம் நாட்டில் இப்படி நீர் கோப்பதற்குக் காசநோய் ஒரு பெருங்காரணம். அதன் கிருமியை 1882ல் காக் என்பவர் கண்டார். சாதாரணமாக ஆறு மாத மருந்தில் குணமாகும். சர்க்கார் ஆஸ்பத்திரியில் இலவசம். மற்றொரு காரணம் புற்றுநோய். இருமல், சளியில் ரத்தம், உடல் மெலிவு எல்லாம் இரண்டிலும் உண்டு. ஆகவே ஊகத்தால் பயனில்லை. ஊசியால் நீரை எடுத்துச் சோதிக்கவேண்டும். அதிலும் தெரியாவிட்டால் சவ்வில் ஒரு துணுக்கு எடுத்துப் பார்க்கவேண்டும். புற்று சவ்வுக்குப் பரவி நீர் கட்டியபின் வருகிறவருக்கு நீரை வடித்தால் மூச்சு இலேசாகும். நோயை வேரோடு எடுக்கும் காலம் பெரும்பாலும் போய்விட்டிருக்கும். அந்தக் காலத்தைத்தான் மந்திரித்த கயிறு தின்றது.

புகையிலையே இப்புற்றுக்கு முதற்காரணமென்பதை 1950ல் இங்கிலாந்தில் டால், ஹில் என்ற இருவர் லண்டன் ஆஸ்பத்திரி நோயாளிகளை விசாரித்து எடுத்துக் காட்டினார்கள். பீடிக்கு விலக்கில்லை. புகைபிடிக்காத பெண்களுக்கும் வருகிறதே என்பீர்கள். வருகிறது. ஆயுள் முழுவதும் விறகடுப்பின் முன்னே அவர்களை உட்கார்த்தி வைத்தது யார்? அதற்கு முன்ஜன்ம பாவமென்று பெயர் வைக்கிறார்கள்!

நம்மவர்களையும் ஒன்று கேட்கவேண்டும். கடவுளில்லையென்று முழங்கிவிட்டு மேடையைவிட்டு இறங்கியதும் பீடி பற்றவைக்கிறோமே, பூசாரி கொடுக்கும் சாம்பலைவிட இந்தச் சாம்பல் எந்த விதத்தில் உயர்ந்தது? இரண்டு வாரத்திற்குமேல் இருமுகிற தோழர்கள் கூட்டம் முடிந்ததும் பெயரைக் கொடுங்கள். காலையில் நாமே கூட வந்து எக்ஸ்ரே எடுக்க அழைத்துப் போகிறோம்.