கல்லூரிக் கட்டணமும் நம் கைச்செலவும்

(ஜமாஅத்தின் கல்வி வழிகாட்டிக் கூட்டத்தில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



பிளஸ் டூ முடித்த பிள்ளைகளின் பெற்றோர் பலர் இங்கே வந்திருக்கிறீர்கள். எந்தப் படிப்பு நல்லது என்று சொல்ல நான் வரவில்லை. அதைச் சொல்ல ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். படிப்புக்கு உண்மையில் எவ்வளவு பணம் ஆகும், அதில் எவ்வளவு நம் கையிலிருந்து போகும் என்னும் கணக்கைப் பற்றியே பேச விரும்புகிறேன்.

நம்மில் பெரும்பாலோர் கல்லூரியில் முதலில் கேட்பது, “ஃபீஸ் எவ்வளவு?” என்பதுதான். ஃபீஸ் என்பது செலவின் ஒரு பகுதியே. விடுதி, உணவு, பேருந்து, புத்தகம், தேர்வுக் கட்டணம் ஆகியவற்றையும் கூட்டி, படிப்பு எத்தனை ஆண்டோ அத்தனையால் பெருக்க வேண்டும். அந்தத் தொகையிலிருந்து, திருப்பித் தர வேண்டாத உதவிகளை மட்டும் கழிக்க வேண்டும். மிஞ்சுவதே நிகரச் செலவு. வங்கிக் கடனை இதில் கழிக்கக் கூடாது. கடன் செலவைக் குறைப்பதில்லை. தள்ளிப் போடுகிறது, தள்ளிப் போட்டதற்கு விலையும் கேட்கிறது. “லோன் கிடைக்கிறது, ஆகவே செலவில்லை” என்று பேசுவோரை நான் அடிக்கடி காண்கிறேன்.

திருப்பித் தர வேண்டாத உதவிகள் எவை? 2010-11 முதல், குடும்பத்தில் பட்டதாரியே இல்லாத வீட்டுப் பிள்ளை தொழிற்கல்வியில் சேர்ந்தால் தமிழக அரசு கல்விக் கட்டணச் சலுகை அளித்து வந்துள்ளது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2020இல் மருத்துவத்திலும், 2021இல் பொறியியல் முதலான தொழிற்கல்விகளிலும் 7.5 சதவீத இடஒதுக்கீடு வந்தது. இந்த ஒதுக்கீட்டில் சேர்ந்தவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்றது. அரசுப் பள்ளியில் படித்த பெண் பிள்ளைகளுக்கு 2022இல் புதுமைப் பெண் திட்டமும், ஆண் பிள்ளைகளுக்கு 2024இல் தமிழ்ப் புதல்வன் திட்டமும் தொடங்கப்பட்டன. மாதம் ஆயிரம் ரூபாய். சேரும் ஆண்டில் எது எந்த விதியுடன் நடைமுறையில் இருக்கிறது என்பதைக் கல்லூரி அலுவலகத்தில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

இங்கேதான் நான் அழுத்திச் சொல்ல வேண்டிய செய்தி இருக்கிறது. முதல் பட்டதாரிச் சலுகையும் 7.5 சதவீத ஒதுக்கீடும் கலந்தாய்வு வழியாகச் சேருகிறவர்களுக்கே உரியவை. நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் கிடையாது. ஆனால் நம் மக்கள் செய்வதென்ன? தேர்வு முடிவு வருவதற்கு முன்பே, “இடம் தீர்ந்துவிடும்” என்று யாரோ சொன்ன பேச்சைக் கேட்டு, நகையை அடகு வைத்து முன்பணம் கட்டி விடுகிறார்கள். கலந்தாய்வு தொடங்கும்போது, கட்டிய பணம் போய்விடுமே என்று அதற்கு விண்ணப்பிப்பதே இல்லை. பிள்ளை எந்தக் கதவு வழியாக நுழைகிறான் என்பதைப் பொறுத்தே சலுகை.

இதன் விலை என்ன என்று பாருங்கள். 2017-18ஆம் ஆண்டுக்குக் கட்டண நிர்ணயக் குழு சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு விதித்த தொகை, தர அங்கீகாரம் பெறாத பாடப்பிரிவில் கலந்தாய்வு இடத்துக்கு 50,000 ரூபாய். நிர்வாக இடத்துக்கு 85,000 ரூபாய். அதே வகுப்பு, அதே ஆசிரியர், அதே தேர்வு. ஆண்டுக்கு 35,000 வீதம் நான்கு ஆண்டுகளில் 1,40,000 ரூபாய் வித்தியாசம். இழந்த சலுகை இதில் சேரவில்லை. அவசரப்பட்டு ஏற்கெனவே கட்டிவிட்டவர்களும் மனம் தளர வேண்டாம். உரிய கடைசித் தேதிக்குள் விலகினால் ஆயிரம் ரூபாய்க்கு மிகாமல் பிடித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தர வேண்டும், அசல் சான்றிதழ்களை வைத்துக்கொள்ளக் கூடாது என்று அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு பொறியியல் கல்லூரிகளுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. எழுத்து மூலம் கேளுங்கள்.

இனிக் கடன். நான்கு லட்சம் வரை சொத்து ஜாமீன் இல்லாமல் வங்கிகள் கல்விக்கடன் தருவது பல்லாண்டு நடைமுறை. பெற்றோர் உடன் கையெழுத்திட வேண்டும்; ஆகவே அது பிள்ளையின் கடன் மட்டுமன்று, உங்கள் கடனும்தான். பத்து சதவீத வட்டி என்று வைத்து ஒரு கணக்குப் போடுவோம். ஆண்டுக்கு ஒரு லட்சம் வீதம் நான்கு ஆண்டுகள் வாங்குகிறோம். படிப்புக் காலமும் அதற்குப் பின் ஓராண்டும் தவணை இல்லை. ஆனால் தனிவட்டி ஓடிக்கொண்டே இருக்கும். முதல் லட்சத்துக்கு ஐந்து ஆண்டு வட்டி 50,000. அடுத்தவற்றுக்கு 40,000, 30,000, 20,000. கூட்டினால் 1,40,000. முன்னே கண்ட அதே தொகைதான்! தவணை தொடங்கும் நாளில் கடன் 5,40,000 ஆகியிருக்கும். அதைப் பத்து ஆண்டுகளில் அடைக்க மாதம் ஏறத்தாழ 7,140 ரூபாய் கட்ட வேண்டும். முடிவில் நாம் கட்டியிருப்பது எட்டரை லட்சத்துக்கும் மேல்.

நம் ஊர் வியாபாரத்தின் இயல்பு உங்களுக்குத் தெரியும். பௌர்ணமிக்கும் தீபத்துக்கும் கூட்டம் வரும், கல்லாவில் பணம் இருக்கும். மற்ற நாட்களில் கடை வாடகைக்கே கணக்குப் பார்க்க வேண்டும். தவணைத் தேதிக்குப் பௌர்ணமி தெரியாது. சில தவணைகள் தவறினால் பிள்ளை, தந்தை இருவரின் பெயரும் கடன் தகவல் நிறுவனங்களின் பதிவில் கெட்டுவிடும். என்றாவது தள்ளுபடி வரும் என்று காத்திருப்போரின் வட்டிதான் வளர்கிறது.

வட்டி மானியம் உண்டல்லவா என்று கேட்பீர்கள். உண்டு. குடும்ப ஆண்டு வருமானம் நாலரை லட்சத்துக்கு உட்பட்டிருந்தால், தொழிற்கல்விக்கான கடனில் படிப்புக் காலத்துக்கும் மேற்கொண்டு ஓராண்டுக்கும் உரிய வட்டியை மத்திய அரசு ஏற்கும் திட்டம் 2009-10இல் தொடங்கியது. 2024இல் பி.எம். வித்யாலட்சுமி திட்டமும் வந்தது. ஆயினும் எல்லாக் கல்லூரிகளும் இவற்றில் அடங்கா. வருமானச் சான்றிதழை வங்கியில் கொடுத்து, மானியத்துக்குப் பதிவு செய்யப்பட்டதா என்று கேட்க வேண்டியது நம் பொறுப்பு. படிப்பைப் பாதியில் விட்டால் மானியம் இல்லை.

இத்தகைய கடன் மார்க்கத்தில் ஆகுமா, நிர்ப்பந்தம் என்பதன் எல்லை எது என்பதை ஆலிம்களே சொல்ல வேண்டும். அது என் தகுதிக்கு அப்பாற்பட்டது. கடன்பட்ட நிலையில் இறந்தவரின் ஜனாஸாவுக்கு, அக்கடனை ஒருவர் பொறுப்பேற்ற பிறகே நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தொழுவித்த நிகழ்ச்சியை நாம் அனைவரும் கேட்டிருக்கிறோம். வட்டியைத் தவிர்க்க விரும்பும் முஸ்லிம் மாணவர்களின் சங்கடம் நம் ஊருக்கு மட்டும் உரியதன்று. பிரிட்டனில் வட்டியில்லா மாற்றுக் கல்வி நிதிக்கு 2017இல் சட்டமே இயற்றினார்கள். சட்டம் வந்த பிறகும் மாணவர்கள் பல ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது.

நாம் காத்திருக்கத் தேவையில்லை. நம் ஊரிலேயே கலைஞர் கருணாநிதி அரசு கலைக் கல்லூரி இருக்கிறது. செய்யாற்றில் அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரி இருக்கிறது. வீட்டிலிருந்தே போய் வரும் பெண் பிள்ளைக்கு அங்கே ஆகும் செலவு மிகச் சொற்பம். மாதம் ஆயிரம் கிடைக்குமானால் நிகரச் செலவு ஏறக்குறைய இல்லை என்றே சொல்லலாம். செலவைக் காரணம் காட்டி மகளின் படிப்பை நிறுத்துகிறவர், இந்தக் கணக்கை ஒருமுறை தாளில் எழுதிப் பார்க்கட்டும்.

நிர்வாகக் குழுவுக்கு ஒரு விண்ணப்பம். பைத்துல்மாலிலிருந்து கல்விக்கு நாம் தரும் தொகை பெரும்பாலும் கல்லூரி திறந்து, பிள்ளை சேர்ந்த பிறகே கைக்கு வருகிறது. பதற்றம் அதற்கு முன்பே, கலந்தாய்வு வாரத்தில் வருகிறது. இடம் கிடைத்தும் அன்றைக்குப் பணமின்றித் தவிப்பவருக்குச் சிறு தொகையை அழகிய கடனாக உடனே தந்தால், அவர் அடகுக் கடைக்குப் போக மாட்டார். பெரிய நிதி வேண்டியதில்லை. அதே பணத்தை இரண்டு மாதம் முன்னதாகத் தந்தால் போதும்.

பெற்றோர் இன்றே செய்ய வேண்டியது சான்றிதழ் வேலை. லெப்பை, தக்னி, ஷேக், சையத், மாப்பிள்ளா, அன்சர், துதேகுலா ஆகிய ஏழு பிரிவினருக்கே 2007இல் வந்த 3.5 சதவீத பிற்படுத்தப்பட்ட முஸ்லிம் ஒதுக்கீடு. பள்ளிச் சான்றிதழில் வெறுமனே ‘இஸ்லாம்’ என்று மட்டும் இருந்து, சாதிச் சான்றிதழும் வாங்கியிராவிட்டால் பொதுப்பிரிவில்தான் நிற்க வேண்டிவரும். சாதி, வருமானம், முதல் பட்டதாரி ஆகிய மூன்று சான்றிதழ்களுக்கும் இ-சேவை மையத்தில் விண்ணப்பியுங்கள். பெயரின் எழுத்துகள் ஆதாரிலும் மதிப்பெண் பட்டியலிலும் ஒன்றாக உள்ளனவா என்று பாருங்கள். முகம்மது என்பதை நம் வீடுகளில் நான்கு விதமாக எழுதுகிறோம். அந்த ஓர் எழுத்துக்காகத் தாலுகா அலுவலகத்துக்கு நாலு முறை நடக்க நேரிடும். கலந்தாய்வுப் பதிவு தொடங்குவதற்கு முன் இந்த நடையெல்லாம் முடிந்திருக்க வேண்டும், இன்ஷா அல்லாஹ்.