கமராவும் வெளிச்சமும்



எங்கள் வைத்தியர்கள் கூடினால் இப்போது லென்ஸ் பேச்சுத்தான். இலட்சக்கணக்கில் வாங்கிய கமரா அலுமாரிக்குள் கிடக்கும். கேட்டால், அடுத்த லென்ஸ் வரட்டும் என்பார்கள். அவரவர் காசு, போகட்டும். ஆனால் அன்புவழிபுரத்துப் பிள்ளை ஒருத்தி, "என்னட்ட நல்ல கமரா இல்லை, அன்ரி" என்று படமெடுப்பதையே விட்டுவிட்டாள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

மட்டக்களப்பு அமிர்தகழியில் பிறந்த பாலு மகேந்திரா, கூடியவரை இயற்கை வெளிச்சத்திலேயே ஒளிப்பதிவு செய்தவர். 1988இல் வந்த 'வீடு' படத்தைப் பாருங்கள். கட்டி முடியாத ஒரு வீடு, ஒரு முதியவர், பகல் வெளிச்சம்.

எங்களுக்கோ கிழக்கே கடல். கோட்டைக்குள், கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியில் மான்கள் மேயும். காலை ஆறு மணிச் சாய்வெளிச்சம் ஒன்பது மணிக்கு இராது, எந்த லென்ஸ் போட்டாலும்.

சங்கம் ஒரு கமரா வாங்கிக் கொடுக்கலாமே என்கிறார்கள். வாங்குவோம். அதற்கு முன், வருகிற சனிக்கிழமை விடிய, கையிலுள்ள போனோடு அவளை அங்கே கூட்டிப்போகிறேன். மற்றப் பிள்ளைகளும் வரலாம்.