கடைசித் தரத்தின் செல்வாக்கு



வெள்ளைத் தேநீர் என்றால் காசுள்ளவர்கள் சமாச்சாரம் என்று ஒரு பெயர் இருக்கிறது. நட்சத்திர ஓட்டல்களில் கண்ணாடிக் குடுவைக்குள் நாலைந்து மொட்டுகளை மிதக்கவிட்டு, நாம் கேட்காமலேயே ஒரு விளக்கவுரையும் சொல்லிவிட்டுப் போவார்கள். ஆனால் வெள்ளைத் தேநீரைத் தலைமுறை தலைமுறையாகக் காலைச் சாப்பாட்டோடு கெண்டி கெண்டியாகக் குடித்து வருகிறவர்கள் தென்சீனத்துக் கான்டனியர்கள். குவாங்சோவிலும் ஹாங்காங்கிலும் மக்காவிலும் அவர்களுடைய தேநீர் விடுதிகளில் ஓடுவது அந்த மொட்டுத் தேநீர் அல்ல. வெள்ளைத் தேநீர் வரிசையில் ஆகக் கடைசியில் நிற்கிற ரகம். அதன் பெயர் சௌ மேய். கடைசித் தரத்துக்கு இவ்வளவு செல்வாக்கு எப்படி வந்தது? அதைத்தான் இன்று பேசப் போகிறேன்.

முதலில் இலையைப் பார்த்துவிடுவோம். வெள்ளைத் தேநீரின் சொந்த ஊர் கான்டனியர்களின் குவாங்டுங் மாகாணம் அல்ல, பக்கத்து மாகாணமான ஃபூஜியான். அங்கே ஃபூதிங், ஜெங்ஹே என்ற இரண்டு வட்டாரங்கள் இதற்குப் பேர்போனவை. செடி நம் நீலகிரியிலும் வளரும் அதே இனம்தான். வித்தியாசம் பக்குவத்தில் இருக்கிறது. பச்சைத் தேயிலையைப் பறித்தவுடன் சூடேற்றி, அதன் நிறம் மாறாமல் நிறுத்திவிடுவார்கள். நம் டீக்கடைத் தூளை இயந்திரத்தில் கொடுத்து நசுக்கி, கிழித்து, சுருட்டி எடுக்கிறார்கள். வெள்ளைத் தேயிலைக்கு இந்த இரண்டு வேலையும் கிடையாது. பறித்த இலையை மூங்கில் தட்டுகளில் ஒன்றன்மேல் ஒன்று படியாமல் மெல்லியதாகப் பரப்பி, இரண்டு மூன்று நாள் வாட விடுவார்கள். பிறகு இளஞ்சூட்டில் உலர்த்துவார்கள். வேலை அவ்வளவுதான். ஆனால் சித்திரை வெயிலில் மொட்டை மாடியில் வடாம் பிழிந்துவிட்டு வானத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் வீட்டுக்காரம்மாவின் கவலை முழுவதும் அதில் உண்டு. ஈரக்காற்று அடித்தால் இலை கறுத்துவிடும். வெயில் கடுமையாக இருந்தால் வாடுவதற்கு முன்பே காய்ந்துவிடும்.

வசந்தத்தின் தொடக்கத்தில், ஏப்ரல் முதல் வாரத்தை ஒட்டி, மொட்டை மட்டும் கிள்ளினால் அது வெள்ளி ஊசி. உடம்பெல்லாம் வெண்மையான பூனைமுடி. விலையும் அதற்குத் தக்கபடி. ஒரு மொட்டும் இரண்டு இலையுமாகப் பறித்தால் வெள்ளைப் பியோனி. அதற்கெல்லாம் பிறகு, செடி முற்றிப் பெரிய இலைகளாக விட்ட காலத்தில் பறிப்பது சௌ மேய். அதைக் கையில் அள்ளிப் பார்த்தால் தேயிலை என்றே சொல்லத் தோன்றாது. பழுப்பும் பச்சையும் கலந்த சருகு, நடுவே காம்புகள், அங்கொன்றும் இங்கொன்றுமாக மொட்டு. ஒரு கைப்பிடி எடுத்தால் கை நிறைந்துவிடும், எடை மட்டும் இருக்காது.

வியாபாரிகள் வெள்ளைத் தேநீருக்கு ராஜ வம்சம் கற்பிப்பதுண்டு. சோங் வம்சத்துப் பேரரசர் ஹுய்ட்சோங் 1107 வாக்கில் தேநீர் பற்றி எழுதிய நூலில் வெள்ளைத் தேநீரைப் புகழ்ந்திருக்கிறார் என்பார்கள். புகழ்ந்தது உண்மை. ஆனால் அவர் சொன்னது வெளிறிய இலை விடும் ஓர் அபூர்வச் செடியை. அந்த இலையை ஆவியில் வேகவைத்து அச்சில் அழுத்தினார்கள். இன்றைய வெள்ளைத் தேநீருக்கும் அதற்கும் பெயர்ப் பொருத்தம் தவிர வேறு உறவில்லை.

இனி தேநீர் விடுதிக்குப் போவோம். கான்டனியர்கள் காலையில் தேநீர் விடுதிக்குப் போவதை யம் சா என்பார்கள். தேநீரோடு கூட வரும் சிறு பலகாரங்கள் டிம் சம். மூங்கில் கூடைகளில் ஆவி பறக்க வரும். கண்ணாடிபோன்ற மாவுக்குள் இறால் வைத்த ஹா காவ், பன்றி இறைச்சி வைத்த சியு மாய், வாட்டிய இறைச்சியை உள்ளே பொதிந்த வெள்ளை பன், வழுக்கிக்கொண்டு இறங்கும் அரிசி மாவுச் சுருள், மசாலாவில் ஊறிய கோழிக்கால் என்று வரிசையாக வந்துகொண்டே இருக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் குவாங்சோவில் கூலித் தொழிலாளர்களுக்காக மலிவான தேநீர்க் கடைகள் இருந்தன. மர பெஞ்சு, கெண்டியில் தேநீர், கையில் ஒரு பலகாரம், அவ்வளவே. அதிலிருந்து மாடி மாடியாகப் பெரிய விடுதிகள் எழுந்தன. மேல்மாடிக்கு ஏற ஏறத் தேநீரின் விலையும் ஏறும். 1920களிலும் 30களிலும் சில விடுதிகள் மேடை போட்டுப் பாடகிகளைப் பாடவைத்துக் கூட்டம் சேர்த்தன. ஹாங்காங்கில் 1933ல் திறந்த லூக் யூ தேநீர் விடுதி இன்றும் நடக்கிறது. தாங் வம்சக் காலத்தில் தேநீருக்கென்றே நூல் எழுதிய லூ யூவின் பெயரைத்தான் அதற்கு வைத்திருக்கிறார்கள்.

இந்த விடுதிகளில் நடப்பது பெரும்பாலும் உட்கார்ந்திருப்பதுதான். ஒருவர் செய்தித்தாளை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படிப்பார். நாலு பேர் நிலம் விற்பது பற்றிப் பேசுவார்கள். மூன்று தலைமுறையும் சேர்ந்த ஒரு குடும்பம் வட்ட மேசையைச் சுற்றி உட்கார்ந்து பாட்டியின் முழங்கால் வலியை விசாரிக்கும். இடமில்லையென்றால் முன்பின் தெரியாதவர்களின் மேசையிலேயே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்ளலாம், யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். பழைய நாளில் கிழவர்கள் கூண்டுப் பறவையோடு வருவார்கள், கூண்டை மாட்டக் கொக்கி இருந்தது. ஹாங்காங்கில் 1997ல் பறவைக் காய்ச்சல் மனிதர்களுக்குத் தொற்றிய பிறகு அந்தப் பழக்கத்துக்கு இடமில்லாமல் போயிற்று.

இப்படி ஒன்றரை மணி, இரண்டு மணி நேரம் உட்காருகிற இடத்தில் எப்படிப்பட்ட தேநீர் வேண்டும்? இங்கேதான் சௌ மேய் ஜெயிக்கிறது. பரிமாறுகிறவர் கைக்கு வந்த அளவு இலையைப் பெரிய பீங்கான் கெண்டியில் போட்டு, கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்றி மேசையில் வைத்துவிட்டுப் போய்விடுவார். அரை மணி நேரம் அது அப்படியே ஊறும். நல்ல பச்சைத் தேயிலையை இப்படி நடத்தினால் கஷாயமாகிவிடும். நம் டீத்தூளைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். சௌ மேய் இலையை யாரும் நசுக்கவில்லை, உருட்டவில்லை. அதனால் உள்ளே இருக்கும் சாறு மெதுவாகத்தான் இறங்கும். முதலில் இளமஞ்சள், பிறகு தேன் நிறம், மறுபடி தண்ணீர் விட்டால் மறுபடி நிறம். இலை முற்றியது என்பதால் சற்று இனிப்பு கூட உண்டு. கவனிக்காமல் விட்டாலும் கோபித்துக்கொள்ளாத தேநீர் இது. ஊறவைக்கும் நேரத்தை நொடிக்கணக்கில் அளக்கிற ரசிகர்களுக்கு இது மட்டமாகத் தெரியலாம். ஆனால் பேச்சு முக்கியமாக இருக்கும் மேசையில் தேநீர் இப்படித்தான் இருக்க வேண்டும் என்பது என் கட்சி.

இன்னொரு காரணமும் உண்டு. கான்டனியர்களும் உணவைச் சூடு, குளிர்ச்சி என்று பிரித்துப் பார்க்கிறவர்கள். இதை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. குவாங்டுங்கின் புழுக்கத்துக்குச் சௌ மேய் குளிர்ச்சி என்பது அவர்கள் நம்பிக்கை. கொழுப்புள்ள பலகாரத்துக்குக் கறுப்பான போ லேய் தேநீரைக் கேட்பார்கள், உடம்பு சூடாக இருந்தால் சௌ மேய் கேட்பார்கள். மேசையில் உட்கார்ந்ததும் வரும் முதல் கேள்வியே என்ன தேநீர் என்பதுதான். சாப்பாடு பற்றிய பேச்சு அப்புறம்.

இந்த வாடிக்கையாளர்களின் நாக்கு ஃபூஜியானின் தொழிலையே திருப்பியது. 1960களின் கடைசியில் ஹாங்காங், மக்காவ் சந்தைகளுக்கு மலிவாகவும், கொஞ்சம் அழுத்தமாகவும் ஒரு சரக்கு தேவைப்பட்டது. ஃபூதிங்கில் இலையை லேசாக உருட்டிப் புதுமுறை வெள்ளைத் தேநீர் என்று ஒன்றைச் செய்தார்கள். உருட்டக்கூடாது என்பதுதானே வெள்ளைத் தேநீரின் விதி! விடுதிக்காரர் கேட்டால் விதியும் கொஞ்சம் வளையத்தான் செய்கிறது. சீனத்தின் மற்றப் பகுதிகளில் வெள்ளைத் தேநீர் பிரபலமானதெல்லாம் இந்த நூற்றாண்டில்தான். ஓராண்டு தேநீர், மூன்றாண்டு மருந்து, ஏழாண்டு பொக்கிஷம் என்ற விற்பனை வாசகத்தோடு, பழைய சௌ மேய் வட்டுகளாக அழுத்தப்பட்டு விலை ஏறியது. வயதான இலைக்குப் பேரீச்சம்பழ வாசனை வருவது உண்மைதான். மருந்து, பொக்கிஷம் என்ற பகுதியை வியாபாரிக்கே விட்டுவிடலாம்.

மேசை மரியாதைகளையும் சொல்லியாக வேண்டும். முதல் தேநீரைக் குடிக்க மாட்டார்கள். அதில் கிண்ணத்தையும் சாப்ஸ்டிக் குச்சிகளையும் அலம்பி, அதற்கென்று வைத்திருக்கும் பெரிய பாத்திரத்தில் கொட்டுவார்கள். பெரியவர்களுக்கு முதலில் ஊற்றி, தனக்குக் கடைசியில் ஊற்றிக்கொள்ள வேண்டும். யாராவது உங்களுக்கு ஊற்றினால் விரலால் மேசையில் மெல்லத் தட்டினால் நன்றி. பேச்சை நிறுத்த வேண்டியதில்லை என்பது இதில் வசதி. இதற்குக் கதையும் உண்டு. மாறுவேடத்தில் வந்த சிங் வம்சப் பேரரசர் சியென்லுங் தன் சேவகனுக்குத் தேநீர் ஊற்றினாராம். மண்டியிட்டால் குட்டு உடைந்துவிடும் என்பதால் சேவகன் விரலை மடக்கி மேசையில் தட்டினானாம். சியென்லுங் ஆறு முறை தெற்கே பயணம் போனது வரலாறு. ஆனால் அந்தப் பயணங்கள் யாங்சே வட்டாரத்தோடு முடிந்துவிட்டன, குவாங்டுங்கை எட்டவே இல்லை. கதை நன்றாக இருப்பதால் யாரும் அதை விசாரிப்பதில்லை.

கெண்டியில் தண்ணீர் தீர்ந்தால் கூப்பிட வேண்டாம். மூடியைச் சரித்து வைத்தால் போதும், வெந்நீர் வந்துவிடும். பரிமாறுகிறவர் தானாக மூடியைத் திறக்க மாட்டார்.

கடைசியாக, ஹாங்காங்குக்கோ கோலாலம்பூருக்கோ சிங்கப்பூருக்கோ போகப் போகிற நேயர்களுக்கு இரண்டு தகவல். தேநீருக்குத் தலைக்கு இவ்வளவு என்று கணக்கு. குடித்தாலும் குடிக்காவிட்டாலும் பெரும்பாலான விடுதிகளில் அது பில்லில் ஏறிவிடும், அதனால் குடித்துவிடுங்கள். சைவ நேயர்கள் முள்ளங்கிக் கேக் என்ற பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். அதற்குள் பெரும்பாலும் உலர்ந்த இறாலும் பன்றி சாசேஜும் பொடிப்பொடியாகக் கிடக்கும். எள் உருண்டையாவது பிழைக்கும் என்று பார்த்தால், அதைச் சில இடங்களில் கறிக்கொழுப்பில் பொரிப்பதும் உண்டு. கேட்டுக்கொண்டு கை வையுங்கள். சௌ மேய் மட்டும் எந்தச் சந்தேகமும் இல்லாத சுத்த சைவம்.